கரிந்த காடும் ஒளிப்படமும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கின் காட்டுச் சரிவில், 2017 செப்டம்பர் 2 அன்று 15 வயதுச் சிறுவன் ஒருவன் கொளுத்தி எறிந்த பட்டாசினால் மூண்ட ஈகிள் கிரீக் தீ, காற்றில் பறந்த கங்குகளால் அகன்ற ஆற்றையும் கடந்து எதிர்க்கரையிலும் பற்றி, ஏறத்தாழ 50,000 ஏக்கர் நிலத்தில் பரவியது. அந்நிலத்தை வானிலிருந்து எடுத்த படங்களில், முற்றிலும் எரிந்த கரிய பகுதியும், தழல் தொடாமல் வெப்பத்தால் மட்டுமே இலை கருகிய பழுப்புப் பகுதியும், தீ தீண்டாத பசுமையும் திட்டுத்திட்டாகக் கலந்து கிடப்பதைக் காணலாம். தீயின் கடுமை இடத்துக்கு இடம் வேறுபட்டதை உணர்த்தும் இந்த நிறங்களைக் கறுப்பு வெள்ளைப் படம், எத்துணை அழகாக அமைந்தாலும், பெரிதும் மறைத்துவிடும்.

ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஆண்டுகள் இடைவிட்டுப் படமெடுத்து ஒப்பிடும் மறுஒளிப்பட முறையே, கரிந்த காடு காலப்போக்கில் மாறுவதை அறிய மிகுந்த பயன் தருவது. அமெரிக்க வனத்துறை 1930களில் தீக்கண்காணிப்பு முனைகளிலிருந்து எடுத்த அகலப் படங்கள், எங்கெங்கு எழும் புகை காவலர் கண்ணுக்குத் தெரியும் என்பதை அறியவே எடுக்கப்பட்டவை எனினும், காட்டின் மாற்றத்தை அளக்கும் அரிய சான்றுகளாக இன்று விளங்குகின்றன. ஆகவே கரிந்த காட்டைப் படமெடுப்பவர், நின்ற இடம், நாள், வில்லையின் குவியத் தொலைவு ஆகியவற்றோடு, தீ எதனால் மூண்டது என்பதையும் படக்குறிப்பில் தவறாமல் எழுதிவைத்தல் வேண்டும்.