புத்தகமும் எலுமிச்சையும்

 

நம்மில் சிலர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகள். சிலர் தோட்டத்துக் கடைக்காரர்களின் பிள்ளைகள். ஸ்டோரில் வாளிப்பாலை எடைபோட்டு, அதிலுள்ள உலர்ந்த ரப்பரைக் கணக்கிட்டுத்தான் சம்பளம் எழுதினார்கள். 100 பங்கில் ஏறக்குறைய 30தான் ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் அந்தப் பால் உறையும். கணிதமும் அறிவியலும் நம் வாசலிலேயே இருந்தன. கையில் புத்தகம்தான் இல்லை.

இன்று ஈப்போவில் துன் ரசாக் நூலகம் இருக்கிறது. பிள்ளைகளோடு போய் அறிவியல் புத்தகம் எடுப்போம். அன்றே அடுப்படியில் பசும்பாலைச் சூடாக்கி எலுமிச்சை பிழிவோம். "ஏன் திரிந்தது?" என்று பிள்ளை கேட்டால், பதிலை நாமே சொல்லிவிடாமல் புத்தகத்தில் தேடவிடுவோம். நன்னாவையும் பக்கத்தில் உட்காரவைப்போம். தோட்டத்துப் பால் உறைந்த கதையை அவர் சொல்லட்டும்.