தலைவலி: கேட்டறிந்தால் கண்டறியலாம்

(ஆசிரியர் பயிற்சி வகுப்பில் அரசு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம். காயத்தைக் கண்ணால் காணலாம். தலைவலிக்கு வெளி அடையாளம் எதுவும் இல்லை. அதனால்தான் ஒரு மாணவி தலைவலி என்றதும், வீட்டுப்பாடம் எழுதாததற்குச் சாக்கு என்ற எண்ணம் முதலில் வருகிறது. ஆனால் பெங்களூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையுள்ளோரிடம் நடத்திய ஆய்வில், ஓராண்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது தெரியவந்தது. பருவ வயதுக்குப் பின் இது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். இந்த அரங்கில் இருக்கும் பலருக்கும் இது சொந்த அனுபவமாக இருக்கும்.

ஆயினும் நம் ஊரில் இதைப் பித்தம் என்கிறோம், சைனஸ் என்கிறோம், கண்ணாடியை மாற்றிப் பார்க்கிறோம். கடன் வாங்கி ஸ்கேன் எடுத்த பிறகு என்னிடம் வருபவர்களும் உண்டு. அறிக்கையில் எல்லாம் நார்மல். வலி மட்டும் போகவில்லை. ஒற்றைத் தலைவலியை ஸ்கேன் காட்டாது. நோயாளியிடம் கேட்டுத்தான் கண்டறிய வேண்டும். நரம்பியல் மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கும் நம் நாட்டில் இது ஆறுதலான செய்தி.

மூன்று கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வலிக்கும்போது குமட்டல் வருகிறதா? வெளிச்சம் தொல்லை தருகிறதா? கடந்த மூன்று மாதங்களில் ஒரு நாளாவது வலியால் வேலையோ படிப்போ தடைபட்டதா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் ஒற்றைத் தலைவலியாக இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் அனுப்புங்கள். ‘ஒற்றை’ என்ற பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் இரு பக்கமும் வலிக்கும்.

சில அறிகுறிகள் இருந்தால் தாமதம் கூடாது. காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, வலிப்பு, கை கால் பலவீனம், தலையில் அடிபட்டபின் வரும் வலி, திடீரென்று உச்சத்துக்குப் போகும் வலி, அதிகாலை வாந்தியுடன் நாளுக்கு நாள் கூடும் வலி. இவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; ஸ்கேன் தேவைப்படுவதும் இங்கேதான்.

சிகிச்சைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வலி தொடங்கியவுடன், மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் அல்லது ஐபுபுரூஃபென் எடுத்தாலே பலருக்கு அடங்கும். வலி முற்றிய பிறகு விழுங்கினால் பலன் குறைவு. அடிக்கடி வந்தால் தடுப்பதற்கென்று ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் போன்ற விலை குறைந்த மாத்திரைகள் உள்ளன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ரோப்ரனலால் ஆகாது. எனவே மருத்துவர் எழுதித் தராமல் வாங்காதீர்கள்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். கைப்பையில் மாத்திரை அட்டை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறீர்கள். மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் சாதாரண வலி மாத்திரை போட்டால், அதுவே தலைவலியை வளர்க்கும். பல மருந்துகள் கலந்த மாத்திரைக்கு 10 நாளே எல்லை.

வகுப்பறையில் செய்யக்கூடியவை எளியவை. பட்டினி, தூக்கக் குறைவு, வெயில், தண்ணீர் குடிக்காமை ஆகியவை பலருக்கு வலியைத் தூண்டும். தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளிடம் ‘காலையில் சாப்பிட்டாயா?’ என்று நாம்தான் கேட்க வேண்டும். வலி வந்த பிள்ளையை வெயிலில் நிறுத்தாமல், வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் படுக்க வையுங்கள்.

ஒரு நோட்டில் வலி வந்த தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, வாந்தி எடுத்ததா, காலையில் சாப்பிட்டதா என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதக் குறிப்புடன் அந்தப் பிள்ளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால், மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும். அந்த நோட்டைத் தொடங்கி வைக்க உங்களைவிடப் பொருத்தமானவர் எவருமில்லை.