முன்னே ஒதுக்கிய இடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் கேட்டு மகிழ்கிறோம். "நம் பிள்ளைகள் பலர் கணிப்பொறித் துறையில் உழைக்கின்றனர். அத்துறையின் செய்தி ஒன்றையும் தமிழில் சொல்லுங்கள்" என்று செயலாளர் பணித்தார். பெரும்பொருள் ஒன்றை மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதினும் சிறுபொருள் ஒன்றைத் தெளிவுறச் சொல்வது நன்று என்பது என் எண்ணம். ஆகவே, லினக்ஸ் என்னும் இயங்குதளம் கண் விழிக்கும்போதே அதன் நினைவகத்தில் பெரும்பக்கங்களை ஒதுக்கிவைக்கும் முறையை இன்று எடுத்துக்கொண்டேன்.

முதற்கண், பக்கம் என்பது யாது? கணிப்பொறியில் ஓடும் நிரல் ஒவ்வொன்றும் தனக்குத் தொடர்ச்சியான நினைவகம் வாய்த்திருப்பதாகவே கருதிக்கொள்கிறது. உண்மையில் நிரல் அறிந்த முகவரி வேறு. செய்தி உறையும் இடம் வேறு. நினைவகம் சம அளவுள்ள சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அத்துண்டுகளே பக்கங்கள். எந்த முகவரிக்கு எந்தத் துண்டு என்று காட்டுவது பக்க அட்டவணை. இக்கருத்து 1962-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து அட்லஸ் கணிப்பொறியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 1985-இல் வெளிவந்த இன்டெல் 386 செயலி ஒரு பக்கத்தை 4 கிலோபைட் என்று வகுத்தது. அன்று 4 மெகாபைட் நினைவகம் உள்ள பொறியில் 1,024 பக்கங்களே இருந்தன. இன்று 64 ஜிகாபைட் நினைவகம் உள்ள பொறியில் அதே அளவில் 1,67,77,216 பக்கங்கள்! நினைவகம் பதினாறாயிரம் மடங்கு வளர்ந்தது. பக்கத்தின் அளவோ வளரவில்லை.

இதனால் விளையும் இடர் இரண்டு. ஒன்று காலம். செயலி ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் புரட்டினால் பெரும்பாலும் நான்கு படிகள் இறங்கித் தேடவேண்டும். அதனைத் தவிர்க்க, அண்மையில் கண்ட முகவரிகளைக் குறித்துவைக்கும் சிறு கையேடு ஒன்று செயலிக்குள்ளேயே உண்டு. டி.எல்.பி. என்பது அதன் பெயர். 2015-இல் வந்த ஸ்கைலேக் செயலியில் அதன் இரண்டாம் நிலையில் 1,536 குறிப்புகளுக்கே இடம். 4 கிலோபைட் பக்கமாயின் அவை காட்டும் பரப்பு 6 மெகாபைட். 2 மெகாபைட் பக்கமாயின் அதே குறிப்புகள் 3 ஜிகாபைட்டைக் காட்டும். வேறுபாட்டை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மற்றோர் இடர், இடம். இதனை நான் பட்டறிந்தேன். பணிபுரிந்த நிறுவனம் ஒன்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஓடும் பொறி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. நினைவகம் 64 ஜிகாபைட். அதில் தரவுத்தளம் பொதுவாகப் பயன்படுத்தும் பகுதி 16 ஜிகாபைட். ஒரே வேளையில் 500 இணைப்புகள் வரை வரும். நண்பகலில் கூட்டம் மிகுந்தால் பொறி தள்ளாடும். நினைவகம் போதவில்லை என்றனர் சிலர். நானும் அவ்வாறே நம்பினேன். பின்னர் 'மெம்இன்ஃபோ' என்னும் அறிக்கையைப் படித்தபோது, 'பேஜ்டேபிள்ஸ்' என்ற வரிக்கு நேரே பல ஜிகாபைட் காட்டியது கண்டு திகைத்தேன். கணக்கு எளியதே. 16 ஜிகாபைட்டுக்கு 41,94,304 பக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் 8 பைட். ஆக, ஓர் இணைப்புக்கு 32 மெகாபைட். இணைப்பு ஒவ்வொன்றும் தனித்தனி அட்டவணை வைத்துக்கொள்வதால், 500 இணைப்புகளும் எல்லாப் பக்கங்களையும் தொட்டுவிட்டால் 16,000 மெகாபைட்! சரக்கு எவ்வளவோ அவ்வளவு இடத்தைச் சரக்குப் பட்டியலே அடைத்துக்கொள்ளும். 2 மெகாபைட் பக்கமாயின் ஓர் இணைப்புக்கு 64 கிலோபைட்டே செல்லும். 500-க்கும் சேர்த்து 32 மெகாபைட்டைத் தாண்டாது.

அங்ஙனமாயின் பெரும்பக்கத்தை வேண்டும்போது கேட்டுப் பெறலாகாதா? இம்மண்டபத்தையே காணுங்கள். மாலை ஐந்து மணிக்கு எல்லா இருக்கைகளும் வெறுமையாக இருந்தன. ஒவ்வொரு குடும்பமும் வந்து விருப்பம்போல் அமர்ந்தது. ஏழு மணிக்குப் பன்னிருவர் கொண்ட குடும்பம் ஒன்று வருகிறது. வெற்றிடங்கள் இருபது உண்டு. ஆயினும் அடுத்தடுத்துப் பன்னிரண்டு இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. நினைவகமும் அத்தகையதே. 2 மெகாபைட் பெரும்பக்கத்திற்கு 512 சிறுபக்கங்கள் ஒன்றையொன்று ஒட்டி இருத்தல் வேண்டும்; 1 ஜிகாபைட் பக்கத்திற்கோ 2,62,144. பொறி சில நாள் ஓடிய பின்னர் 2 மெகாபைட் பக்கங்களைக் கேட்டால், கேட்டதிற் குறைவாகவே கிடைக்கக்கூடும். 1 ஜிகாபைட் பக்கம் கிடைப்பது அரிதினும் அரிது. ஆகவே கூட்டம் வருமுன் முன்வரிசையில் கயிறு கட்டிய நம் தொண்டர்களைப் போல, இயங்குதளம் எழும்போதே இடத்தை ஒதுக்கிவிடல் வேண்டும்.

அக்கயிற்றைக் கட்டும் சொற்கள் மூன்று. கிரப் என்னும் துவக்கி, லினக்ஸின் கருப்பகுதியாகிய கெர்னலை எழுப்புகையில் அதன் காதில் ஓதும் ஒரு வரி உண்டு. அவ்வரியில் 'ஹியூஜ்பேஜ்எஸ்இசட்' என்னும் சொல் பக்கத்தின் அளவைக் கூறும். 'ஹியூஜ்பேஜஸ்' என்பது எண்ணிக்கையைக் கூறும். 'டிஃபால்ட்' என்னும் அடைமொழியோடு வரும் அளவுச் சொல், அளவு குறிப்பிடாமற் கேட்போர்க்கு எதனைத் தருவது என்று கூறும். 1 ஜிகாபைட் பக்கத்தைச் செயலி அறியுமா என்பதை, அதன் பண்புப் பட்டியலில் 'பிடிபிஇ1ஜிபி' என்ற குறி உள்ளதா என்று பார்த்து அறியலாம்.

இச்சொற்களில் வரிசை முதன்மையானது. அளவை முன்னும் எண்ணிக்கையைப் பின்னும் எழுதல் வேண்டும். யான் பிழைத்த இடம் இதுவே. 1 ஜிகாபைட் பக்கங்கள் 17 வேண்டும் என எண்ணி, 17 என்பதை முன்னே எழுதி, அளவைப் பின்னே எழுதினேன். கெர்னல் அந்த 17-ஐப் பொது அளவாகிய 2 மெகாபைட்டுக்கே கொண்டது. 17 ஜிகாபைட் கேட்டவனுக்குக் கிடைத்தது 34 மெகாபைட்! தரவுத்தளமோ முறையிடவில்லை. பெரும்பக்கம் கிடைத்தால் கொள்க, இல்லையேல் சிறுபக்கத்தில் ஓடுக என்பதே அதன் இயல்பான அமைப்பு. எழுதியதோடு பணி முடிந்தது என்று நான் வாளா இருந்தேன். பொறி மறுநாளும் தள்ளாடியது. அறிக்கையைப் பார்த்த பிறகே பிழை விளங்கிற்று. பின்னர் 2 மெகாபைட் என முன்னும் 8,500 எனப் பின்னும் எழுதி, பொறியை மீண்டும் எழுப்பினேன். 16 ஜிகாபைட்டுக்கு 8,192 போதுமே, ஏன் 8,500 என்பீர்கள். தரவுத்தளத்தின் பொதுப் பகுதி சொன்ன அளவினும் சற்று மிகுதியாகவே இருக்கும். போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பு முதல், எத்தனை பக்கம் வேண்டும் என்பதைத் தரவுத்தளத்தையே கேட்டறியலாம்.

ஒன்றை மறத்தலாகாது. ஒதுக்கிய இடம் பிறர்க்கு உதவாது. முன்வரிசை வெறுமையாகக் கிடக்க, பின்னே முதியோர் நிற்பதைக் கண்டால் நமக்கு உள்ளம் வருந்துகிறதன்றோ? அவ்வாறே, கேட்போர் இன்றிக் கிடக்கும் பெரும்பக்கத்தைச் சாதாரண நிரல்கள் தீண்ட இயலாது. வட்டுக்கு மாற்றவும் இயலாது. 64 ஜிகாபைட்டில் 60-ஐக் கட்டிப்போட்டால் எஞ்சிய நான்கில் பொறி மூச்சுத் திணறும்; எழாமலே போகவும் கூடும். அங்ஙனம் நேர்ந்தால் அஞ்சவேண்டா. கிரப் பட்டியல் தோன்றும்போது 'இ' என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தி, அவ்வரியிலிருந்து அச்சொற்களை நீக்கினால் அந்த ஒரு முறைக்குப் பொறி எழுந்துவிடும். பின்னர்க் கோப்பிலும் திருத்திக்கொள்ளலாம்.

இவ்வளவு தொல்லையின்றிக் கெர்னலே தானாகப் பெரும்பக்கம் அமைத்துக்கொள்ளும் முறை ஒன்றும் 2011 முதல் உண்டு. அதனை இயக்கவும் அணைக்கவும் அதே துவக்க வரியில் சொல் உண்டு. ஆயினும் அது பக்கங்களை ஒன்றுகூட்ட முயலும் வேளையில் சில நிரல்கள் தயங்கி நிற்பதுண்டு. ரெடிஸ் போன்ற தரவுத்தளத்தார் அதனை அணைத்துவிடுமாறு அறிவுறுத்துகின்றனர். அவரவர் நிரலுக்கு ஏற்றதை அளந்தறிந்து கொள்க.

இளைஞர்களே, நான் வேண்டுவன மூன்றே. ஒதுக்குமுன் கணக்கிடுக. தேவைக்கு மேல் ஒதுக்கற்க. ஒதுக்கியபின் கிடைத்ததா என்று மெம்இன்ஃபோவில் 'ஹியூஜ்பேஜஸ் டோட்டல்', 'ஹியூஜ்பேஜஸ் ஃப்ரீ' ஆகிய இரு வரிகளையும் படித்துப் பார்க்க. மூன்றாவதைச் செய்யாமல் நான் இழந்தது ஒரு முழுநாள். அன்று அலுவலகத்தில் காத்திருந்த மக்கள் இழந்ததும் அதுவே. பொறியின் தள்ளாட்டம் நமக்குத் திரையில் ஓர் எண். வரிசையில் நிற்பவர்க்கோ அது கால்வலி.

 அந்த முன்வரிசையில் இன்னும் நான்கு இருக்கைகள் வெறுமையாக உள்ளன. பின்னே நிற்கும் பெரியவர்களுக்கு அவற்றை அளிக்குமாறு தொண்டர்களைக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.