கோறணமேந்துக் கோழியும் முதுமைக்காலச் சோறும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்கும் பழமொழி. கோறணமேந்து என்றால் அரசாங்கம். கோழியின் மேலுள்ள ஆசையால் எவரும் அவ்வுத்தியோகத்தை நாடினாரல்லர். மேய்க்கும் வலு ஒடுங்கிய பின்னரும் மாதந்தோறும் கைக்கு வரும் இளைப்பாற்றுச் சம்பளமே அவர்களை இழுத்தது. நானும் அவ்வாறு இழுக்கப்பட்டவன். இன்னும் இரண்டாண்டில் இளைப்பாற இருப்பவன். ஆகையால் இவ்விடயத்தில் நடுநிலை பேசும் தகுதி எனக்கில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர் ஒருவர் தனியார் கம்பெனியொன்றில் முப்பதாண்டு எழுதுவினைஞராய் இருந்தார். 55 வயதில் விலகி, ஊழியர் சேமலாப நிதியை ஒரே தொகையாய்ப் பெற்றார். மகளின் திருமணத்துக்கு ஒரு பங்கு, வீட்டுக் கூரைக்கு ஒரு பங்கு, பழைய கடனுக்கு மிச்சம். மூன்றாண்டு கழித்து ஒருநாள் என் அறைக்கு வந்து, பாடசாலையில் காவலாளி வேலை உண்டோ என்று கேட்டார். என்றும் "மச்சான்" என்று அழைப்பவர் அன்று என்னைச் "சேர்" என்றார். அச்சொல் இன்னும் என் காதை விட்டு அகலவில்லை.

நண்பர் ஊதாரியல்லர். குறை, அந்நிதி அவர் கைக்கு வந்த முறையிலேதான் இருக்கிறது. டி. பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் சேமலாப நிதி உண்டாயிற்று. தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி நூற்றுக்கு 12 செலுத்த வேண்டும். அது பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் முழுத்தொகையும் ஒருங்கே கைக்கு வந்துவிடுகிறது. அதன்பின் இருபதாண்டு, இருபத்தைந்தாண்டு உயிரோடிருக்கும் மனிதர் அத்தொகையை மாதக்கணக்கிற் பங்கிட்டுண்ண வேண்டும். எங்கள் ஊரில் குமர்ப்பிள்ளை வீட்டிலிருக்க, வங்கியிற் பணம் வைத்திருக்கும் தந்தை எவர்?

அரசாங்க ஓய்வூதியமோ மாதந்தோறும் வருகிறது. எனினும் அதற்கெனத் தனி நிதியம் கிடையாது. ஆண்டுதோறும் திறைசேரி தன் வருமானத்திலிருந்தே கொடுக்கிறது. திறைசேரி தளர்ந்தால் ஓய்வூதியரும் தளர்வர். 2022 செப்தெம்பரில் கொழும்பு விலைவாசி ஓராண்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 70 உயர்ந்தபோது, ஓய்வூதியம் அதற்கீடாய் உயரவில்லை. சந்தையில் அதன் பெறுமதி கரைந்தது. ஒரே தரத்தில் ஒரேயளவு காலம் படிப்பித்த இரு ஆசிரியர்கள், இளைப்பாறிய ஆண்டு வேறென்பதால், வேறுவேறு தொகை பெறும் முரண்பாடும் வளர்ந்தது. 2020 ஜனவரி 1க்கு முன் இளைப்பாறியோரின் ஓய்வூதியத்தை மூன்று கட்டங்களாகத் திருத்த 2025 வரவு செலவுத் திட்டம் இடமளித்தது. பலர் அதைக் காணாமலே கண்மூடினர்.

இவ்விரண்டுக்கும் வெளியே நிற்போர்தாம் நாட்டில் மிகுதி. மேசன், தச்சர், தையற்காரி, சந்தையில் மரக்கறி விற்கும் ஆச்சி ஆகியோருக்குப் பங்களிக்கும் முதலாளி யார்? விவசாயிகளுக்கு 1987இலும் கடற்றொழிலாளருக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. விவசாயிகள் திட்டத்தில் நிதி வற்றிக் கொடுப்பனவு தடைப்பட்ட காலமும் உண்டு. சிறுதொகை கட்டியவருக்குச் சிறுதொகையே திரும்பும். அதுவும் விலைவாசியின் முன் நில்லாது.

என் கருத்து இது. சேமலாப நிதியில் அரைப்பங்கையேனும் மாதச் சம்பளமாய்ப் பெறும் வழியைச் சட்டம் திறந்துவிட வேண்டும்; கட்டாயமாக அன்று, விரும்புவோருக்கு. "எனக்கு விருப்பம், ஆனால் சட்டம் விடவில்லை" என்று மருமகன் வீட்டாரிடம் தந்தை சொல்லத்தக்கதாகக் கட்டாயமாகவே இருந்தாலென்ன என்று என் மனைவி கேட்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயமுண்டு. அரசாங்க ஊழியராகிய நாமும், புதிதாய்ச் சேர்வோர் தம் ஓய்வூதியத்துக்கு ஒரு பங்கு கட்டுவதென்ற பேச்சு வரும்போதெல்லாம் கொடிபிடிப்பதோடு நில்லாது, அப்பணம் எவர் பொறுப்பில், எத்தகைய கணக்காய்வின் கீழ் இருக்குமென்று கேட்கப் பழகவேண்டும்.

என் நண்பருக்குக் காவலாளி வேலை கொடுக்கும் அதிகாரம் அதிபருக்கில்லை. இப்போது சந்தியில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதுகிறார். அங்கே சேமலாப நிதி கட்டுவதில்லையாம். நானும் விசாரிக்கவில்லை, விசாரித்தால் அந்த வேலையும் போய்விடுமென்று அவர் அஞ்சுகிறார்.