எலிப்பொறியான பெருமனை
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

திரைப்படத்தைப் பற்றிப் பேசத் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என வினவுவீர்கள். 1981-இல் அடூர் கோபாலகிருட்டிணன் மலையாளத்தில் ஆக்கிய 'எலிப்பத்தாயம்' என்னும் படமே என்னைப் பேச வைத்தது. பத்தாயம் என்பது நம் உழவர் நெல் சேர்த்துவைக்கும் பெட்டிக்கும் பெயர். எலிப்பத்தாயமோ எலிப்பொறி. பெயரிலேயே நமக்கு உறவு உண்டு.

சேரநாட்டுச் சிற்றூரில் ஒரு பழம்பெரு வீடு. அதன் கடைசித் தலைவன் உண்ணி. வெளியே புறப்பட்டவன், வழியில் தேங்கிய நீரைக் கடக்க மனமின்றித் திரும்பிவிடுகிறான். முற்றத்தில் மாடு புகுந்தால் விரட்ட எழான். தங்கை இராசம்மாவையே அழைக்கிறான். அவளுக்கு மணமும் இல்லை, ஓய்வும் இல்லை. அக்கை சனம்மா பங்கு கேட்கிறாள். இளைய தங்கை சீதேவி பொறியில் சிக்கிய எலிகளைக் குளத்தில் அமிழ்த்துகிறாள். ஒருநாள் வீட்டைவிட்டே போய்விடுகிறாள். இராசம்மா நோயுற்று வீழ, ஊரார் தூக்கிச் செல்கின்றனர். தனித்த உண்ணி கதவடைத்துப் பதுங்குகிறான். முடிவில் அவனையும் இழுத்துச் சென்று அதே குளத்தில் எறிகின்றனர்.

இத்தகைய வீடுகள் நிலத்தால் வாழ்ந்தவை. 1970 சனவரி முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. 1976-இல் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தால் மட்டுமா அவை சாய்ந்தன? மருமக்கள்வழியில் உடைமை பெண்வழியே இறங்கிற்று. ஆளுகையோ காரணவன் எனப்படும் மூத்த ஆண்மகன் கையில் இருந்தது. பெயர் பெண்ணுக்கு, சாய்வு நாற்காலி ஆணுக்கு! அம்முறையின் சீர்கேட்டைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' பாடி முன்னரே எள்ளினார்.

உண்ணி கொலைஞன் அல்லன். சும்மா அமர்ந்திருந்தான். அவன் அமர்ந்திருந்ததற்கு விலையாக ஒரு பெண்ணின் வாழ்வு தேய்ந்தது.

படம் பார்த்த இரவு, கூடத்தில் அமர்ந்தபடியே "தண்ணீர்" என்றேன். பானை எனக்கு ஆறடித் தொலைவில் இருந்தது. துணைவியார் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து மொண்டு கொடுத்தார். வாங்கிய பின்னரே உறைத்தது. அந்நீர் தொண்டையில் இறங்கவில்லை. முப்பது ஆண்டுகளாக உண்ணி என் வீட்டிலேயே இருந்திருக்கிறான்.

உடன்பிறப்புகளே! மொழியைத் தாய் என்கிறோம்; மண்ணைத் தாய் என்கிறோம். இம்மேடையில் இதுவரை எத்தனை தாய்மார் பேசியுள்ளனர்? 'தாய்மார்களே' என்று விளித்தேனே, அவர்கள் பின்வரிசையில் அல்லவா இருக்கின்றனர்! பழம்பெருமையை மட்டும் காத்துக்கொண்டு, உழைப்பை வீட்டுப் பெண்டிர்மேல் சுமத்தும் இயக்கமும் ஒருநாள் தாழிட்ட பெருமனையே ஆகும். வெளியார் வந்து இடிக்க வேண்டியதில்லை.

ஆதலின் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த திங்கள் இவ்விடத்தில் நின்று ஒரு தாய் பேசட்டும். அன்று அவையினர்க்குத் தேநீர் கலக்கும் பணி என்னுடையது.

வாழ்க தமிழ்! வணக்கம்.