வைக்கோலில் சிப்பிக்காளான்: மாடியில் வளர்ப்போம், வீட்டுக்குள் வேண்டாம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தை மாதம் திண்டிவனத்தைச் சுற்றிச் சம்பா அறுவடை நடக்கும். மாட்டுக்குப் போக மிஞ்சும் வைக்கோலில் சிப்பிக்காளான் வளர்க்கலாமா என்று உங்களில் பலர் கேட்டீர்கள். தாராளமாக வளர்க்கலாம். எந்த இடத்தில் வளர்ப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் உணவுக்காக இதை மரக்கட்டைகளில் வளர்த்தார்கள். நம் நாட்டில் 1962-ல் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் பானோ, ஸ்ரீவஸ்தவா இருவரும் நெல் வைக்கோலில் வளர்த்துக் காட்டினார்கள். மரத்திலுள்ள நார்ப்பொருளைச் சிதைத்து உண்ணும் பூஞ்சை இது. அதே நார்ப்பொருள் வைக்கோலிலும் இருப்பதால் தனியாக உரம் தேவையில்லை.

செய்முறை எளிது. வைக்கோலை 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, 5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவையுங்கள். பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு நிழலில் உலர்த்துங்கள். பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பிக் கட்டி, சில துளைகள் இடுங்கள். 15 முதல் 20 நாளில் படுக்கை முழுதும் வெண்மையாகும். பிறகு பையைக் கிழித்து, தினமும் நீர் தெளித்தால் சில நாளில் மொட்டு வரும். பச்சைப் பூசணம் படர்ந்த படுக்கையை உடனே அப்புறப்படுத்துங்கள்.

இனி சத்து. காளானில் புரதம் 30 சதவீதம் என்பார்கள். அது உலர்ந்த காளானின் கணக்கு. புதுக்காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். 100 கிராமில் புரதம் சுமார் 3 கிராம், நார்ச்சத்து 2 கிராம். கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. 50 கிராம் துவரம்பருப்பில் 10 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஆகவே பருப்பைக் குறைக்காமல் காளானைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நியாசின் என்ற பி வைட்டமினும் பொட்டாசியமும் இதில் நிறைய. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள். சமைக்கும் முன் அடிப்புறம் மேலே பார்க்க உச்சிவெயிலில் அரைமணி நேரம் வைத்தால் வைட்டமின் டி உண்டாகும்.

இப்போது முக்கியமான செய்தி. சிப்பிக்காளான் முதிர்ந்து விளிம்பு விரியும்போது வெள்ளைத் தூளாக வித்துகளை ஏராளமாக உதிர்க்கும். அதைத் தொடர்ந்து சுவாசித்தால் இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வரலாம். காளான் பண்ணைத் தொழிலாளர்களிடம் இந்த நுரையீரல் ஒவ்வாமை கண்டறியப்பட்டிருக்கிறது. படுக்கையறையிலோ மூடிய பால்கனியிலோ பைகளைத் தொங்கவிடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அதற்கு என் யோசனை இது. பொது மாடியின் ஒரு மூலையில் நிழல்வலைப் பந்தல் போட்டு, சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டி, கூட்டாக வளர்ப்போம். கார்த்திகை முதல் மாசி வரை வளர்த்தால் போதும். கத்திரி வெயிலில் வராது. விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்கும்போதே பறித்துவிடுங்கள். பறிப்பவர் முகக்கவசம் அணியட்டும். தீர்ந்த படுக்கை, மாடித் தொட்டிச் செடிகளுக்கு மட்கு உரமாகும்.

நம் ஊரிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வித்து, பயிற்சி பற்றி அங்கே விசாரித்துவிட்டுத் தொடங்குவோம். விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.