குரலுக்கு ஏது எடை?

வானொலியில் ஒரு பாட்டு வரும்போது, பாடுபவர் ஒல்லியா, பருமனா என்று நாம் யோசிப்பதில்லை. குரல் வருகிறது, மனம் அதன் பின்னே போகிறது. அதே பாடகி திரையில் தோன்றிவிட்டால், செவி சொன்ன தீர்ப்பைக் கண் மாற்றி எழுதிவிடுகிறது. இதனால் ராக் இசையில் பெண்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அமெரிக்காவின் 'ஹார்ட்' குழுவை எடுத்துக்கொள்வோம். அக்கா ஆன் வில்சன் முதன்மைப் பாடகி; தங்கை நான்சி கிடார் கலைஞர். 1970களிலேயே இருவரும் பெயர் பெற்றுவிட்டார்கள். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி இசைத் தொலைக்காட்சி தொடங்கியது. பாட்டு, பார்க்கும் பொருளாகவும் ஆனது. ஆன் பாடிய 'அலோன்' 1987இல் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. குரலில் எந்தக் குறையும் இல்லை. உடல்தான் சற்றுப் பருத்திருந்தது. அவரை மறைக்க அது போதுமானதாக இருந்தது. அக்காலக் காணொளிகளில் ஆனின் முகம் மட்டும் நெருக்கத்தில் வரும். உடலைக் கறுப்பு உடையும் நிழலும் மூடிக்கொள்ளும். தங்கை முன்னால் நிறுத்தப்படுவார். குழுவைத் தூக்கி நிறுத்திய குரலுக்கு உரியவரையே ஒளித்து வைத்தார்கள்.

ராக் என்பது மேடைக்கலை, அதில் தோற்றத்துக்கும் இடமுண்டு என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த நியாயம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருந்ததா? மீட் லோஃப் நல்ல பருமனான பாடகர். 1977இல் வெளிவந்த அவருடைய 'பேட் அவுட் ஆஃப் ஹெல்', உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தொகுப்புகளில் ஒன்று. அவரையும் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனாலும் கேமரா அவரை ஒளிக்கவில்லை. வியர்வை வழியும் அந்தப் பெரிய உடலே அவருடைய மேடை அடையாளமானது. ஆணிடம் கம்பீரமாகத் தெரிந்த பருமன் பெண்ணிடம் குற்றமாகிப்போனது என்றால், அதைக் கலையின் விதி என்று ஏற்க முடியாது.

உடல்நலத்தின் மேல் உள்ள அக்கறையால் சொல்கிறோம் என்பது அடுத்த வாதம். அந்த அக்கறை எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு மரணங்கள் சாட்சி. 'மாமாஸ் அண்ட் பாப்பாஸ்' குழுவின் பாடகி காஸ் எலியட் 1974இல் லண்டனில் மாரடைப்பால் இறந்தார். சாண்ட்விச் தொண்டையில் சிக்கி இறந்தார் என்று வதந்தி கிளம்பியது. தொண்டையில் உணவு எதுவும் இல்லை என்று பிரேதப் பரிசோதனை தெளிவாகச் சொன்னது. ஆனாலும் பருமனான பெண் என்பதால் அந்தக் கேலி பல பத்தாண்டுகள் ஓயவில்லை. பாப் பாடகி கரென் கார்ப்பென்டர், உணவை மறுக்கும் அனோரெக்சியா நோய் இதயத்தைச் சிதைக்க, 1983இல் உயிரிழந்தார். இறக்கும்போது இருவருக்கும் வயது 32. பருத்தவரைச் செத்த பின்பும் சிரிப்புக்கு ஆளாக்கிய உலகம், மெலிந்தவரைப் பிழைக்க வைக்கவும் இல்லை. உடம்பைப் பற்றிப் பேசுவதெல்லாம் அக்கறை ஆகிவிடாது. நோயைக் கவனிக்க மருத்துவர் இருக்கிறார். பாட்டைக் கேட்பதுதான் நம் வேலை.

2013இல் 'ஹார்ட்' குழு அமெரிக்காவின் ராக் இசைப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றது. அந்தப் பெருமையைத் தேடித்தந்தது பாட்டு. ஆகவே நேயர்களே, இனி ஒரு பாடகியைத் திரையில் காணும்போது, அவர் உடலைப் பற்றி ஒரு சொல் நாவில் எழுந்தால், அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பாட்டு முடியும்வரை கேளுங்கள். பிறகு பாட்டைப் பற்றிப் பேசுங்கள்.